அடியில் மறைத்த ஈரத் தானியம்: ஹார்டு டிஸ்க் வாங்கும் குடும்பங்களுக்கு



கடந்த ஷஅபான் மாதத்தில் நமது மதரஸாவின் ஹார்டு டிஸ்க் ஒன்று செத்துப்போனது. உள்ளங்கையில் அடங்கும் கறுப்புப் பெட்டி. கொள்ளளவு 2 டெராபைட். இங்கே நெடுங்காலம் பாடம் நடத்தி மறைந்த பெரிய ஹஸ்ரத் அவர்களின் தஃப்ஸீர் வகுப்புகள், கேசட்டுகளிலிருந்து மாற்றப்பட்டு அதில் இருந்தன. ஊரிலுள்ள பழைய வீடுகளில் இரவல் வாங்கிப் பக்கம் பக்கமாகப் படமெடுத்த அரபுத்தமிழ்க் கிதாபுகளும் அதில்தான் இருந்தன. கேசட்டுகளில் பூஞ்சை படர்ந்துவிட்டதால், மாற்றி முடித்த கையோடு அவற்றை எறிந்துவிட்டோம். கிதாபுகளை உரியவர்களிடம் திருப்பிக் கொடுத்தோம். பின்னர் அவ்வீடுகளில் இரண்டை இடித்துக் கட்டினார்கள். கிதாபுகள் எங்கே போயின என்பது இன்று அவ்வீட்டாருக்கே தெரியவில்லை.

ஒரு நாள் ஸுபுஹுக்குப் பின் கணினியை இயக்கியபோது அந்தப் பெட்டியிலிருந்து 'டிக், டிக்' என்று ஓசை வந்தது. சென்னைக்கு அனுப்பினோம். திறந்து பார்த்தவர்கள், வாசிக்கும் முனை தட்டின் மேல் உரசிப் பூச்சையே சுரண்டிவிட்டது, மீட்பதற்கு ஒன்றும் மிச்சமில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள்.

செய்தி பரவியதும் நம்மைத் தேடி வந்தவர்கள் இரண்டு வகையாகப் பேசினார்கள். ஒரு சாரார், "அல்லாஹ்வின் நாட்டம் அப்படி இருந்தால் என்ன செய்ய முடியும், உஸ்தாத்?" என்றார்கள். மற்றொரு சாரார், "இன்னும் பெரியதாக, 8 டெராபைட்டாக ஒன்று வாங்கியிருக்க வேண்டும்" என்றார்கள். இந்த இரண்டு பேச்சையும் எதிர்த்தே இதை எழுதுகிறோம்.

முதல் பேச்சுக்கு நீண்ட பதில் தேவையில்லை. கத்ரை நம்புவது ஈமானின் பகுதி; நமது கவனக்குறைவைக் கத்ரின் தலையில் ஏற்றுவது ஈமானின் பகுதி அன்று. ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுத் தவக்குல் பேசியவருக்கு நபி (ஸல்) அவர்கள் கூறிய அறிவுரை நமது மக்தப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம். அந்த டிஸ்க்கை நாம் எப்படி வாங்கினோம்? கடையில் இருந்தவற்றுள் விலை குறைந்தது எது என்று மட்டுமே கேட்டோம். எப்படி வைத்திருந்தோம்? வெயில் விழும் ஜன்னல் திட்டில், கணினியோடு எந்நேரமும் இணைத்தே வைத்திருந்தோம். எத்தனை பிரதி இருந்தது? அது ஒன்றுதான். ஒட்டகத்தைக் கட்டாததோடு வேலியையும் திறந்து விட்டிருந்தோம்.

இரண்டாவது பேச்சுத்தான் நமது வீடுகளில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. நிக்காஹ் வீடியோ, வளைகுடாவிலிருந்து வாப்பா அனுப்பிய படங்கள், வீட்டுப் பத்திரம், பிள்ளைகளின் சான்றிதழ் ஆகிய அனைத்தையும் ஒரே பெட்டிக்குள் போட்டு அலமாரியில் வைத்துவிட்டால் கடமை முடிந்தது என்று எண்ணுகிறோம். கடைக்குச் சென்றால் 'எத்தனை டெராபைட், என்ன விலை' என்ற இரண்டே கேள்விகள். பெருநாளுக்குக் கிடா வாங்கப் போனால் பல்லைப் பிடித்துப் பார்க்கிறோம், நடக்கவிட்டுப் பார்க்கிறோம், காதில் கீறல் உண்டா என்று தடவிப் பார்க்கிறோம். உம்மாவின் குரல் பதிந்திருக்கும் பொருளை வாங்கும்போது மட்டும் நமக்குப் பார்வை போய்விடுகிறது.

பல்லைப் பிடித்துப் பார்க்க வேண்டிய இடங்கள் ஹார்டு டிஸ்க்கிலும் உண்டு. அவற்றை அறியும் வழியை விற்பவர்களே அடைத்து வைத்திருந்த வரலாறும் உண்டு.

ஹார்டு டிஸ்க் என்பது சுழலும் தட்டு. அதன் மேற்பரப்பில் வட்ட வட்டமான தடங்களில் காந்தப் புள்ளிகளாகச் செய்தி பதிகிறது. பழைய முறையில் தடங்கள் ஒன்றை ஒன்று தொடாமல் அடுத்தடுத்துக் கிடக்கும். இதற்குச் சி.எம்.ஆர். என்று பெயர். புதிய முறை ஒன்றில், நாட்டு ஓடு வேய்ந்த கூரையைப் போல ஒரு தடத்தின் ஓரத்தின் மீது அடுத்த தடம் ஏறிக் கிடக்கும். இது எஸ்.எம்.ஆர். இடம் மிச்சமாவதால் குறைந்த செலவில் அதிகக் கொள்ளளவு கிடைக்கிறது. ஆனால் ஓட்டுக் கூரையில் நடுவே ஓர் ஓடு உடைந்தால் என்ன செய்கிறோம்? அதன் மேல் ஏறிக் கிடக்கும் ஓடுகளை எல்லாம் எடுத்துவிட்டுத்தானே மாற்ற முடியும்? அதுபோலவே இந்த டிஸ்க்கில் ஒரு சிறு பகுதியை மாற்றி எழுத, அதைச் சேர்ந்த பெரும் பட்டை முழுவதையும் படித்து எடுத்து மீண்டும் எழுத வேண்டும். ஒரு முறை நிரப்பி அலமாரியில் வைப்பவருக்கு இதனால் தொல்லை இல்லை. அன்றாடம் எழுதுபவருக்கும், பல டிஸ்குகளைச் சேர்த்து ஒரே தொகுப்பாகப் பயன்படுத்துபவருக்கும் இது பெருந்தொல்லை.

2020ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் உலகறிய ஒரு செய்தி வெளிவந்தது. வீட்டிலும் சிறு அலுவலகங்களிலும் எந்நேரமும் இயங்கும் சேமிப்புப் பெட்டிகளுக்கென்றே வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம் விற்றுவந்த 'ரெட்' வரிசையில், 2 முதல் 6 டெராபைட் வரையிலான சில மாதிரிகள் இந்த ஓட்டுக்கூரை முறையில் செய்யப்பட்டிருந்தன. அட்டைப்பெட்டியில் அந்தத் தகவல் இல்லை. விவரத்தாளிலும் இல்லை. தொகுப்பில் பழுதான ஒன்றை எடுத்துவிட்டுப் புதியதைச் செருகிய பயனர்கள், சில மணி நேரத்தில் முடிய வேண்டிய மறுசீரமைப்பு நாள்கணக்கில் இழுப்பதையும் பாதியில் முறிவதையும் கண்டு கேள்வி எழுப்பிய பின்னரே நிறுவனம் ஒப்புக்கொண்டது. ஸீகேட், தோஷிபா நிறுவனங்களின் சில மேசைக்கணினி டிஸ்குகளிலும் அம்முறை சொல்லப்படாமல் இருந்தது அதே வேளையில் தெரியவந்தது. அமெரிக்காவில் வழக்குகள் தொடரப்பட்டன. அதன் பிறகுதான் சி.எம்.ஆர். முறையில் அமைந்தவற்றுக்கு 'ரெட் பிளஸ்' என்று தனிப்பெயர் வந்தது.

கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, அடியில் ஈரம் இருப்பதைக் கண்டு, அதை ஏன் மேலே வைக்கவில்லை என்று வணிகரை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த செய்தியை நாம் ஆண்டுதோறும் பாடமாக நடத்துகிறோம். ஷாஃபிஈ, ஹனஃபீ இரு மத்ஹபுகளின் நூல்களிலும் குறையை மறைத்து விற்ற பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமைக்குத் தனிப் பாடமே இருக்கிறது. ஈரமான தானியத்தை விற்பது ஹராம் என்று எவரும் சொல்லவில்லை. ஈரம் என்று சொல்லி, அதற்குரிய விலைக்கு விற்றால், வாங்குபவன் காயவைத்துப் பயன்படுத்திக் கொள்வான். எஸ்.எம்.ஆர். டிஸ்க்கும் அத்தகையதே. மறைத்ததுதான் குற்றம். அது பன்னாட்டு நிறுவனத்தின் விவரத்தாளில் நடந்தாலும் குற்றம். நமது ஜமாஅத்தைச் சேர்ந்தவரின் கடையில் நடந்தாலும் குற்றம்.

குறைந்த மின்சாரம் என்ற பெயரில் நடந்ததும் ஏறக்குறைய இதே கதைதான். மின்சாரத்தை மிச்சப்படுத்தும் டிஸ்குகள் பொதுவாக நிமிடத்திற்கு 5400 முறை சுழலும்; வேகமானவை 7200 முறை. சில ஆண்டுகளுக்கு முன் 'கிரீன்' என்ற வரிசை வந்தது. வேகம் எவ்வளவு என்று சொல்லாமல் 'இன்டெல்லிபவர்' என்று ஒரு சொல்லை மட்டும் அச்சிட்டிருந்தார்கள். மின்சாரத்தைக் குறைப்பதற்காக, 8 வினாடி வேலையில்லாமல் இருந்தால் வாசிக்கும் முனையைத் தட்டிலிருந்து விலக்கி ஓரத்தில் நிறுத்திவிடும் ஏற்பாடு அதில் இருந்தது. நல்ல ஏற்பாடுதானே என்று தோன்றும். ஆனால் அந்த முனை 3,00,000 முறை ஏறி இறங்குவதற்கென மதிப்பிடப்பட்டது. அவ்வப்போது ஏதேனும் எழுதிக்கொண்டே இருக்கும் கணினியில், முனை நிற்பதும் மீண்டும் ஓடுவதுமாக நிமிடத்திற்கு ஒரு முறை நடந்தால் ஒரு நாளைக்கு 1440 முறை. கணக்குப் போட்டுப் பாருங்கள்: சுமார் 208 நாட்களில் அந்த எண்ணிக்கை தீர்ந்துவிடும். எண்ணிக்கை தீர்ந்த அன்றே டிஸ்க் நின்றுவிடும் என்று பொருளன்று. ஆனால் ஐந்தாறு ஆண்டுகளுக்கென எண்ணிய தேய்மானத்தை ஓராண்டுக்குள் செலவழிப்பது சிக்கனம் ஆகுமா? அந்த 8 வினாடியை மாற்றி அமைக்கும் சிறு மென்பொருளைத் தேடிப் பிடித்துப் பயன்படுத்தியவர்கள் உண்டு. நமது வீடுகளில் அது எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்?

2020இலேயே மற்றொன்றும் வெளிவந்தது. அதே நிறுவனத்தின் 8 டெராபைட்டும் அதற்கு மேலும் கொண்ட சில டிஸ்குகளின் விவரத்தாளில் '5400 வகுப்பு' என்று இருந்தது. பயனர்கள் அதன் அருகே ஒலிவாங்கியை வைத்து ஓசையைப் பதிந்தார்கள். 5400 சுழற்சி என்றால் வினாடிக்கு 90 அதிர்வு. 7200 என்றால் 120. பதிவில் கேட்டது 120. 'வகுப்பு' என்பது செயல்திறனைக் குறிக்கும் சொல், சுழற்சி வேகத்தை அன்று என்று விளக்கம் வந்தது. படி என்று எழுதியிருக்கும், ஆனால் படி அளவு இருக்காது. கேட்டால், அது படி 'வகையைச்' சேர்ந்த பாத்திரம் என்பார்கள்! அளவையிலும் நிறுவையிலும் மோசம் செய்வோரைப் பற்றிக் குர்ஆனில் ஓர் அத்தியாயமே இருப்பதை ஓதிக்கொண்டே இருக்கும் சமுதாயத்திற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

(4 டெராபைட் டிஸ்க்கைக் கணினியில் மாட்டினால் 3.63 என்று காட்டுகிறதே, இதுவும் மோசடியா என்று கேட்பவர்கள் உண்டு. இல்லை. தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்குகிறார். விண்டோஸ் 1024ஆகப் பெருக்குகிறது. குற்றமற்றதைக் குற்றம் சாட்டவும் நமக்கு அனுமதி இல்லை.)

இனி, குறைந்த மின்சார டிஸ்க் நமக்கு எதற்கு? மின்கட்டணம் குறையும் என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம். 5400 சுழற்சி டிஸ்க் வேலை செய்யும்போது ஏறக்குறைய 3 முதல் 5 வாட் வரை எடுக்கும். 7200 சுழற்சி உடையது 6 முதல் 10 வரை. வித்தியாசம் 4 வாட் என்று வைத்தால், இரவும் பகலும் நிறுத்தாமல் ஓடினாலும் ஆண்டுக்குச் சுமார் 35 யூனிட். நாளொன்றுக்கு நான்கு மணி நேரம் கணினி ஓடும் வீட்டில் 6 யூனிட். இதற்காக எவரும் டிஸ்க் வாங்க மாட்டார்.

பலன் வேறிடத்தில் இருக்கிறது. எடுக்கும் மின்சாரம் முழுவதும் வெப்பமாகத்தான் வெளியேறுகிறது. சித்திரை மாதத்தில் மாடி அறையின் வெப்பம் 38, 40 என்று நிற்கும்போது, காற்றோட்டமில்லாத கணினிப் பெட்டிக்குள் இருக்கும் டிஸ்க் 50ஐத் தாண்டுவது எளிது. பெரும்பாலான டிஸ்குகளுக்கு விதித்த உச்சவரம்பு 60 அல்லது 65 பாகை செல்சியஸ். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்குகளை ஆராய்ந்து கூகுள் நிறுவனத்தார் 2007இல் வெளியிட்ட ஆய்வில், மிதமான வெப்பம் அத்தனை கேடு செய்யவில்லை என்றும், மிக அதிக வெப்பம், குறிப்பாக வயதான டிஸ்குகளில், பழுதைக் கூட்டுகிறது என்றும் கண்டார்கள். குளிரூட்டிய அறையில் இருப்பவருக்கு இது ஏட்டுச் செய்தி. நமக்கு அது கோடைதோறும் வரும் செய்தி. மெதுவாகச் சுழல்வது நமது மண்ணுக்குப் பொருந்துவது இதனால்தான். அதோடு அதிர்வும் குறைவு, ஓசையும் குறைவு. மின்வெட்டின்போது சிறிய யூ.பி.எஸ். தாங்கும் நேரமும் சற்று நீளும். வேகம் போதாதே என்பீர்கள். நிக்காஹ் வீடியோவைப் பார்ப்பதற்கும் பத்திரத்தின் நகலைத் திறப்பதற்கும் 7200 சுழற்சி எதற்கு? விண்டோஸும் மென்பொருள்களும் வேகமாகத் திறக்க வேண்டுமானால் அவற்றைச் சிறிய எஸ்.எஸ்.டி. ஒன்றில் வைத்துக்கொள்ளுங்கள். சேமிப்பு மெதுவான டிஸ்க்கில் இருக்கட்டும்.

எஸ்.எஸ்.டி.யிலேயே எல்லாவற்றையும் வைத்து அலமாரியில் பூட்டலாமே என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். அதில் சுழலும் பாகம் இல்லை, மின்சாரமும் குறைவு என்பது உண்மை. ஆனால் அதில் செய்தி மின்னேற்றமாகத் தங்குகிறது. மின்சாரமே கொடுக்காமல் போட்டுவைத்தால் அந்த ஏற்றம் மெல்லக் கசியும். எழுதும் ஆயுளை முழுவதும் கழித்த சாதாரண எஸ்.எஸ்.டி. ஒன்று, மின்னிணைப்பின்றி 30 பாகை வெப்பத்தில் ஓராண்டு செய்தியைக் காக்க வேண்டும் என்பதே அத்துறையின் தர அளவு. புதியது இன்னும் நீண்ட காலம் காக்கும். எனினும், பேரப்பிள்ளைகளுக்கென்று பூட்டிவைக்கத் தக்க பொருளன்று அது.

உள்ளூர் விற்பனையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கண்காணிப்புக் காமிராவின் பெட்டிக்குள் பல ஆண்டுகள் இரவு பகலாக ஓடிக் கழற்றப்பட்ட டிஸ்குகளைத் துடைத்து, புதிய உறையிலிட்டு விற்பவர்கள் இருக்கிறார்கள். இது சிறு கடைகளின் தந்திரம் மட்டுமன்று. தரவு மையங்களுக்கென ஸீகேட் செய்த டிஸ்குகள், பல்லாயிரம் மணி நேரம் ஓடியவை, ஓட்டக் கணக்கு அழிக்கப்பட்டுப் புதியவை என்று இடைத்தரகர்களால் விற்கப்பட்டது 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியில் வெளிப்பட்டது. இணையத்தில் மிகக் குறைந்த விலைக்கு வரும் '16 டெராபைட்' பெட்டிகளோ அப்பட்டமான மோசடி. உள்ளே சிறிய மெமரி கார்டு ஒன்றை ஒட்டி, பெரிய எண்ணைக் காட்டும்படி திருத்தியிருப்பார்கள். எழுத எழுத வாங்கிக்கொள்ளும். உண்மையான இடம் தீர்ந்ததும், புதியதைப் பதியாமல் விட்டோ பழையதன் மேல் எழுதியோ அனைத்தையும் கெடுக்கும். வாப்பாவின் ஜனாஸாவுக்குப் பிறகு படங்களைத் தேடி அதைத் திறக்கும் நாளில்தான் குடும்பத்தார் உண்மையை அறிவார்கள்.

எனவே கடையிலேயே கேளுங்கள். மாதிரி எண்ணைக் காட்டச் சொல்லுங்கள். அந்த எண்ணைக் கொண்டு தயாரிப்பாளரின் விவரத்தாளில் சி.எம்.ஆர். என்று எழுதியிருக்கிறதா என்று கைப்பேசியிலேயே பாருங்கள். '5400 வகுப்பு' என்ற சொல் கண்ணில் பட்டால், அடுத்துள்ள வாட் கணக்கைப் பாருங்கள். சுழற்சியை மறைக்கலாம், வாட்டை மறைப்பது கடினம். ரசீதில் தொடர் எண்ணை எழுதி வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும், டிஸ்க் தன்னைப் பற்றித் தானே குறித்து வைக்கும் 'ஸ்மார்ட்' பதிவேட்டை இலவச மென்பொருள் ஒன்றால் திறந்து, ஓடிய மணி நேரத்தைப் பாருங்கள். புதியது என்றால் அங்கே பூஜ்யமோ மிகச் சிறிய எண்ணோ இருக்க வேண்டும். பிறகு முழு டிஸ்க்கையும் ஒரு முறை நிரப்பி, எழுதியதைத் திரும்பப் படித்துப் பாருங்கள். நாள் முழுவதும் பிடிக்கும், பிடிக்கட்டும். இதற்கெல்லாம் கடைக்காரர் முகம் சுளித்தால் அது எதற்கான அடையாளம் என்று நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நமது சகோதரர்கள் பலர் இத்தொழிலில் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தனியே ஒரு வேண்டுகோள்: சி.எம்.ஆரா, எஸ்.எம்.ஆரா, புதியதா, பழையதா என்று ஒரு சீட்டு எழுதி ஒவ்வொரு டிஸ்க்கின் மீதும் நீங்களே ஒட்டுங்கள். எந்தச் சட்டமும் உங்களை வற்புறுத்தாமல் இருக்கலாம். ஈரத் தானியத்தை மேலே எடுத்து வைப்பது உங்கள் கையில்தான் இருக்கிறது.

இவ்வளவும் பார்த்து வாங்கினாலும் அந்த டிஸ்க் ஒரு நாள் சாகும். பெட்டியில் '10,00,000 மணி நேரம்' என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து மயங்கியவர்களை நாம் அறிவோம். 10 லட்சம் மணி நேரம் என்பது 114 ஆண்டு. அப்படி ஒரு டிஸ்க் எவர் வீட்டிலும் ஓடப் போவதில்லை. ஏராளமான டிஸ்குகளைச் சிறிது காலம் ஓட்டிப் போடும் கணக்கு அது; அதன்படி ஆண்டுக்கு நூற்றில் ஒன்றுக்கும் குறைவாகவே பழுதாக வேண்டும். அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தார் 2007இல் ஏறத்தாழ ஒரு லட்சம் டிஸ்குகளின் பதிவேட்டைப் பார்த்தபோது, பல இடங்களில் ஆண்டுக்கு நூற்றில் 2 முதல் 4 வரை மாற்றப்பட்டிருந்தன. தனது டிஸ்குகளின் கணக்கைத் தொடர்ந்து வெளியிடும் பேக்பிளேஸ் நிறுவனம், இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்குகளில் 2023ஆம் ஆண்டின் பழுது விகிதம் 1.40 விழுக்காடு என்றது. அதுவும் குளிரூட்டிய, தூசியற்ற, மின்சாரம் ஏறி இறங்காத இடத்தில். முன்னறிவிப்பு வரும் என்றும் காத்திருக்க முடியாது. மேலே சொன்ன கூகுள் ஆய்வில், பழுதான டிஸ்குகளில் பாதிக்கும் மேற்பட்டவை முக்கியமான எச்சரிக்கைக் குறிகளில் ஒன்றையும் காட்டாமலே செத்தன.

உத்தரவாதம் இருக்கிறதே என்பார்கள். ஆம், இரண்டோ மூன்றோ ஐந்தோ ஆண்டுகளுக்கு. அது பெட்டிக்கான உத்தரவாதம். பெட்டியைக் கொடுத்தால் பெட்டியைத் தருவார்கள். பெரிய ஹஸ்ரத்தின் குரலைத் தர மாட்டார்கள்.

ஆதலால் ஒரு 8 டெராபைட்டை விட இரண்டு 4 டெராபைட் மேல் என்கிறோம். இரண்டையும் ஒரே கணினிக்குள் மாட்டி, ஒன்றில் எழுதுவது மற்றொன்றிலும் தானே எழுதப்படும்படி செய்துவிட்டு நிம்மதியடைபவர்கள் இருக்கிறார்கள். அது காப்பு ஆகாது. பிள்ளை தவறுதலாக ஒரு கோப்பை அழித்தால் அந்த நொடியே இரண்டிலும் அழியும். மின்னல் தாக்கினால் இரண்டும் கருகும். பீட்டர் கிரோ என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பரப்பிய ஒரு கணக்கு இத்துறையில் பெயர் பெற்றது: மூன்று பிரதிகள், இரண்டு வகைப் பொருள்களில், அவற்றுள் ஒன்று வேறு இடத்தில். கலைஞர் சொன்னது நமக்குப் புதியதாகத் தோன்ற வேண்டியதே இல்லை. யமாமா போரில் குர்ஆனை மனனம் செய்தவர்கள் பலர் ஷஹீதானபோது உமர் (ரலி) அவர்களுக்கு ஏற்பட்ட அச்சம் எது? அபூபக்ர் (ரலி) அவர்கள் ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவர்களிடம் தொகுக்கும் பணியை ஒப்படைத்தது எதற்காக? உஸ்மான் (ரலி) அவர்கள் பிரதிகள் எழுதச் செய்து வெவ்வேறு நகரங்களுக்கு அனுப்பி வைத்தார்களே! நெஞ்சங்களிலும் ஏட்டிலும், பல ஊர்களிலும் காக்கப்பட்ட வேதத்தை உடைய சமுதாயம், தன் வீட்டுப் பத்திரத்தை ஜன்னல் திட்டில் ஒரு பெட்டிக்குள் வைத்திருக்கிறது.

கூகுளில் எல்லாம் இருக்கிறது என்று சொல்லும் பிள்ளைகளுக்கும் ஒரு சொல். இலவசமாகக் கிடைப்பது 15 ஜிகாபைட். இரண்டு ஆண்டுகள் எவரும் திறக்காத கணக்கை அழிக்கலாம் என்று அந்நிறுவனம் 2023இல் விதி செய்திருக்கிறது. மௌத்தானவரின் கடவுச்சொல் எவரிடம் இருக்கிறது? வஸிய்யத்தில் எழுத வேண்டியவற்றுள் இதுவும் ஒன்றாகிவிட்டது. இணையச் சேமிப்பை மூன்றாவது பிரதியாக வைத்துக்கொள்ளுங்கள்; அதையே முதலாவதாக ஆக்க வேண்டாம்.

செலவு இரட்டிப்பாகிறதே என்ற ஆட்சேபம் நியாயமானது. மாத வருமானத்தில் திட்டமிட்டு வாழும் குடும்பங்களுக்கே எழுதுகிறோம். ஆனால் முதலில் பாருங்கள்: சேமிப்பதில் எவ்வளவு தேவையானது? வாட்ஸ்அப்பில் வந்த காலை வணக்கப் படங்கள், ஒரே காட்சியை எடுத்த இருபது படங்கள், பார்த்து முடித்த வீடியோக்கள் ஆகியவற்றை நீக்கினால் பல குடும்பங்களின் உண்மையான சேமிப்பு ஒரு டெராபைட்டுக்குள் அடங்கும். ஒரு வீட்டில் நாமே உட்கார்ந்து பிரித்துப் பார்த்தோம், 1.5 டெராபைட்டாக இருந்தது 300 ஜிகாபைட் ஆனது. குப்பையைச் சேமிக்கப் பெரிய பெட்டி வாங்குவது இஸ்ராஃப். அந்தப் பணத்தில் சிறிய பெட்டி இரண்டு வாங்கலாம்.

மதரஸாவுக்கு இப்போது 4 டெராபைட் டிஸ்குகள் இரண்டு வாங்கியிருக்கிறோம். இரண்டும் 5400 சுழற்சி, விவரத்தாளில் சி.எம்.ஆர். என்று எழுதப்பட்டவை, ஒன்றாகப் பழுதாகும் வாய்ப்பைக் குறைக்க வெவ்வேறு நிறுவனங்களின் தயாரிப்பைத் தேர்ந்தோம். ஒன்று அலுவலகக் கணினியில், விசிறியின் காற்று படும் இடத்தில் இருக்கிறது. மற்றொன்று ஊரின் மறுகோடியில் உள்ள உஸ்தாத் ஒருவரின் வீட்டில், பஞ்சு வைத்த டிபன் பெட்டிக்குள் இருக்கிறது. வியாழன் அஸருக்குப் பின் அவர் கொண்டு வருவார். அவ்வாரத்தில் சேர்ந்ததை எழுதி, ஏதேனும் மூன்று கோப்புகளைத் திறந்து பார்த்துவிட்டு, மஃக்ரிபுக்கு முன் எடுத்துச் சென்றுவிடுவார்.

கிதாபுகளைப் படமெடுக்கும் பணியை மீண்டும் தொடங்கிவிட்டோம். முன்பு எடுத்தவற்றில் பதினொன்று திரும்பக் கிடைத்துள்ளன. பெரிய ஹஸ்ரத் அவர்களின் தஃப்ஸீர் வகுப்புகளை அக்காலத்தில் சொந்த டேப்பில் பதிந்தவர்கள் இருந்தார்கள். அவர்களில் சிலர் மலேசியாவிலும் வளைகுடாவிலும் இருக்கலாம். கேசட் எந்த நிலையில் இருந்தாலும், பூஞ்சை பிடித்திருந்தாலும், எறிந்துவிடாமல் நமக்குத் தெரியப்படுத்துங்கள். ஸூரத்துல் கஹ்ஃபு வகுப்புகள் முழுவதும் இல்லாமல் போய்விட்டன.

வஸ்ஸலாம்.